கட்டைக் கிடாரும் கரண்ட் கிடாரும்

(மின்னணுவியல் மற்றும் தொடர்பியல், மூன்றாமாண்டு)

ஹாஸ்டலில் எனக்குப் "பாட்டுப் பைத்தியம்" என்று ஒரு பட்டம் உண்டு. அந்தப் பட்டத்துக்குப் பொருத்தமாக, மேல்நாட்டு ஃபோக் பாட்டும் ராக் இசையும் எங்கே முட்டிக்கொண்டன, எங்கே கைகோத்தன என்பதை மூன்று ஆல்பங்களை வைத்துச் சொல்கிறேன். கருத்துகள் என்னுடையவை. சண்டைக்கு வரலாம், தயார்!

முதலில் ஒரு விளக்கம். ஃபோக் என்றால் நம்ம ஊர் நடவுப் பாட்டு, தாலாட்டு மாதிரி வாய்வழியாக வந்த பாட்டு. அந்தப் பாணியில் புதிதாக எழுதினாலும் அங்கே ஃபோக் என்றுதான் சொல்வார்கள். அதற்குக் கட்டைக் கிடார் போதும். கம்பி அதிரும், மரப்பெட்டி அதிரும், காற்று அதிரும், சத்தம் வரும். அவ்வளவுதான். ராக்குக்குக் கரண்ட் கிடார் வேண்டும். அதில் கம்பிகளுக்குக் கீழே 'பிக்கப்' இருக்கும். காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பியும்தான் பிக்கப். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும். காயிலில் சிறு மின்னழுத்தம் தூண்டப்படும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குத் தள்ளும். முதலாமாண்டு இயற்பியலில் மனப்பாடம் செய்தோமே ஃபாரடே விதி, அதேதான்!

முதல் ஆல்பம், 1965 மார்ச்சில் வந்த பாப் டிலனின் 'பிரிங்கிங் இட் ஆல் பேக் ஹோம்'. ரெக்கார்டின் ஒரு பக்கம் கரண்ட் கிடார், டிரம்ஸ் என்று அதிரும். மறுபக்கம் பெரும்பாலும் கட்டைக் கிடாரும் மவுத் ஆர்கனும்தான். அந்த ஆண்டு ஜூலை 25-ல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஃபோக் விழாவில் டிலன் கரண்ட் கிடாரோடு மேடை ஏறினார். கூட்டத்தில் ஒரு பகுதி 'ஊ' என்று கத்தியது. 1966 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு ரசிகர் 'யூதாஸ்' என்றே கூவினார். காட்டிக் கொடுத்தவன் என்று அர்த்தம்! அதே டிலனுக்குத்தான் 2016-ல் இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு அந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கம்தான் உசத்தி. ஆனாலும் கத்தினவங்க பக்கம் நான் நிற்க மாட்டேன். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா தறி ஓட்டுகிறார். ஷூ போட்டுக்கொண்டு ஊருக்குப் போனால் போதும், "பையன் மாறிட்டான்" என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். கையில் இருப்பது மாறினால் ஆளே மாறிவிட்டான் என்று ஆகிவிடுமா?

இதற்குப் பதில் இரண்டாவது ஆல்பத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு 1969 மே மாதம் நிகழ்ச்சி முடித்துத் திரும்பும்போது வேன் விபத்தில் சிக்கியது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிள் இறந்துபோனார். வயது 19. நம்மைவிட ஒரு வயசுதான் கூட! மீதிப் பேர் கலைந்து போகவில்லை. லண்டன் செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் பழைய நாட்டுப் பாடல்களைத் தேடி எடுத்து, கரண்ட் கிடார், வயலின், டிரம்ஸோடு அதே டிசம்பரில் 'லீஜ் அண்ட் லீஃப்' வெளியிட்டார்கள். சாண்டி டென்னியின் குரலில் பல தலைமுறை தாண்டிய கதைப்பாட்டு எட்டு நிமிடம் ஓடுகிறது. எட்டு நிமிடமும் அலுக்கவில்லை. கரண்ட் வந்ததால் பழைய பாட்டு சாகவில்லை. இன்னும் நாலு பேர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றில் என் முதல் பரிசு இதற்குத்தான்.

மூன்றாவது, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' (1982). பெரிய ராக் குழு வைத்திருந்தவர், வீட்டில் தனியாக உட்கார்ந்து, டியாக் கம்பெனியின் நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் மாதிரிக்காகப் பாடிப் பதிந்தார். சாதாரண ஸ்டீரியோ கேசட்டில் ஏ பக்கத்துக்கு இரண்டு டிராக், பி பக்கத்துக்கு இரண்டு. இந்த மெஷின் நாலையும் ஒரே திசையில் பதியும். ஒன்றில் குரல், ஒன்றில் கிடார், மிச்சத்தில் மவுத் ஆர்கன் என்று அடுக்கலாம். அப்புறம் ஸ்டுடியோவில் முழுக் குழுவோடு வாசித்துப் பார்த்தும் அந்த உயிர் வரவில்லை. கடைசியில் கேசட்டில் இருந்ததையே ஆல்பமாக வெளியிட்டார்கள்! டேப் இரைச்சல்கூடக் கேட்கும். நம் பாடத்தில் இரைச்சல் என்றால் குறை. இங்கே அது பாடுகிறவரின் அறைக்குள்ளேயே நம்மைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. ஒரே குறை, ஒரே மூச்சில் முழுசும் கேட்டால் மனசு கனத்துப் போகும்.

"இங்கிலீஷே தகராறு, இதுல இங்கிலீஷ் பாட்டா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் தமிழ் மீடியம்தான். ஒரு பாட்டை நாலு தடவை கேட்டு, அகராதி பார்த்து, வரி வரியாகப் பிடிக்கிறேன். அப்பாவுக்கு 'நெப்ராஸ்கா'வில் ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினேன். ஒரு வார்த்தை புரியாமலே, "யாரோ கஷ்டப்பட்டவன் பாடறான்" என்றார். அதைவிடச் சரியான விமர்சனம் எனக்கு எழுத வராது.

ஆக, கட்டையா கரண்ட்டா என்பது கருவிப் பிரச்சினை. பாடுகிறவன் யாருக்காகப் பாடுகிறான் என்பதை மறந்தானா என்பதுதான் கேள்வி. நாளை நாமும் வேலை கிடைத்து எங்கெங்கோ போவோம். கையில் மல்டிமீட்டரோ மடிக்கணினியோ எது இருந்தாலும், நம்மையும் இந்தக் கேள்வியை வைத்தே அளக்கட்டும்.

முதலில் 'லீஜ் அண்ட் லீஃப்', அடுத்து டிலன், கடைசியாக ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு 'நெப்ராஸ்கா'. இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் கேன்டீனுக்கு வாருங்கள். டீ என் செலவு, வாக்குவாதம் உங்கள் பொறுப்பு!