முகமூடியின் புன்னகை

ஒரு கலைக்கு ஆதரவளித்த அரண்மனை மறைந்தால் அந்தக் கலை என்ன ஆகும்? ஜப்பானிய "நோ" நாடகத்துக்கு இந்தச் சோதனை 1868-இல் நேர்ந்தது. அறுநூறு ஆண்டுப் பழமையுள்ள அந்நாடகம் ஷோகுன்களின் நிழலில் வளர்ந்தது. அவர்கள் ஆட்சி ஒழிந்ததும் நடிகர் பலர் வேறு பிழைப்புத் தேடினர். பரம்பரையாகக் காத்த முகமூடிகளையும் பட்டாடைகளையும் விற்றனர். உமேவாகா மினோரு போன்ற சிலரே மனந்தளராமல் ஆடி வந்தனர்.

மறு ஆண்டு பிறந்தவர் சுகியோகா கோக்யோ. இவருடைய தாயை மணந்த யோஷிதோஷி பெயர் பெற்ற சித்திரக்காரர். அவரிடமே கோக்யோ தொழில் பயின்றார். பிறகு நோ நாடகத்தையே தம் வாழ்நாள் விஷயமாகக் கொண்டார். 1897 முதல் 1902 வரை வெளிவந்த ஒரு வரிசையில் மாத்திரம் 261 படங்கள் உள்ளன.

இவை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை. ஓவியர் மெல்லிய காகிதத்தில் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதைச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டிக் கோடுகளை விட்டு மற்றதைக் குடைவார். ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனிக் கட்டை. ஒரே காகிதத்தைக் கட்டை கட்டையாகப் பதிப்பார்கள். மயிரிழை விலகினாலும் படம் கெட்டுவிடும்!

நோ மேடையில் காட்சித் திரைகள் இல்லை. பின்பலகையில் ஒரு பைன் மரம் தீட்டியிருக்கும், அவ்வளவே. நடிகர் முகமூடியைச் சற்றே நிமிர்த்தினால் புன்னகை, தாழ்த்தினால் துயரம். அந்த அடக்கத்தைக் கோக்யோ அறிந்தவர். ஆகையால் பல படங்களில் பின்புறத்தை வெறுமையாகவே விட்டார்.

இவர் தீட்டிய நாடகங்களுள் "இக்காகு ஸென்னின்" நமக்குப் புதிதன்று. ஒற்றைக் கொம்புடைய முனிவர் மழைதரும் நாகங்களைக் குகையில் அடைக்கிறார், நாடு வறள்கிறது, அழகி ஒருத்தி அவரை மயக்க, மழை பொழிகிறது. இராமாயணத்தில் கலைக்கோட்டு முனிவர் கதையைக் கேட்டவர்கள் உடனே இனம் கண்டுகொள்வார்கள். நம் நாட்டுக் கதை பௌத்த நூல்கள் வழியாகக் கீழ்த்திசைக் கடலைத் தாண்டியிருக்கிறது.

கோக்யோ 1927-இல் காலமானார். அவர் மகள் கியோகுஸெய்யும் நோ காட்சிகளையே வரைந்தார். நாடகமும் அழியவில்லை, இன்றும் ஆடப்படுகிறது. சித்திரமே அதைக் காத்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் முன்பு பிரபுக்கள் மாளிகையில் கண்ட காட்சியைச் சாதாரணக் குடும்பத்தாரும் வீட்டில் வைத்துப் பார்க்கச் செய்தது அந்தக் காகிதந்தான். அரசர் கைவிட்ட கலையை ஜனங்கள் ஏந்திக்கொண்டால் அதற்கு ஆயுள் நீளும்.