மழைக்குக் காத்திருக்கும் எண்ணெய்!

மழை ஓய்ந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பாருங்கள், குட்டீஸ்! தேங்கிய தண்ணீரில் வானவில் மாதிரி நிறங்கள் மின்னும். பார்க்க அழகுதான். ஆனால், அது வண்டிகளில் இருந்து சொட்டிய டீசலும் ஆயிலும்!

எண்ணெய் தண்ணீரில் கரையாது, மிதந்து பரவும். ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்காக்கினால், ஒரு பங்கு எவ்வளவு மெல்லியதாக இருக்கும்? அந்தக் கனத்தில் பரவினால், 1 லிட்டர் எண்ணெய் 1,000 சதுர மீட்டரை மூடிவிடும். இரண்டு கூடைப்பந்து மைதானங்களைவிடப் பெரிய இடம் அது!

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் நூற்பாலைகள் உண்டு. ஆலை என்றால் ஜெனரேட்டருக்கு டீசல், மெஷினுக்கு ஆயில், டிரான்ஸ்பார்மருக்குள் ஆயில் என்று பலவகை எண்ணெய் இருக்கும். பீப்பாய் சாய்ந்தாலோ, வால்வு பழுதானாலோ தரையில் கொட்டிவிடும்.

‘வறண்ட பூமிதானே, மண் குடித்துவிடும்’ என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் ஆபத்து! கோடையில் நம் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புக்குள் எண்ணெய் இறங்கும். மேலே தங்கிய எண்ணெய், ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும். மழை வந்ததும் வரத்துக்கால் வழியே கண்மாய்க்குப் போய்விடும். ஆடு மாடு குடிப்பதும், வயலுக்குப் பாய்வதும் அந்தத் தண்ணீர்தானே?

மழை எண்ணெயைச் சுமந்து போனால் என்ன ஆகும் என்பதைச் சென்னை எண்ணூர் மக்கள் பார்த்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெருமழை கொட்டியது. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலிய நிறுவன ஆலை வளாகத்தில் இருந்து, எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து வெளியேறியதாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. குழாயில் கசிவு எதுவும் இல்லை என்றது நிறுவனம்.

அந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாகக் கடலுக்குப் போனது. கடலில் சுமார் 20 சதுர கிலோ மீட்டருக்குப் பரவியிருந்தது. படகும் வலையும் கறுத்துப்போயின. கூழைக்கடாக்களின் சிறகில் எண்ணெய் அப்பிக்கொண்டது. மீனவர்கள் வாளி வாளியாக எண்ணெயை அள்ளினார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரித்தது.

சரி, ஆலையில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்ய வேண்டும்?

* முதலில் வால்வை மூடி, கசிவை நிறுத்த வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

* மணலைக் கரை போலப் போட்டு, எண்ணெய் சாக்கடைக்கோ வாய்க்காலுக்கோ போகாமல் மறிக்க வேண்டும்.

* தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவினால், மழை செய்கிற வேலையை நாமே செய்த மாதிரி!

* மணலோ, மரத்தூளோ போட்டு எண்ணெயை உறிஞ்ச வைத்து, அள்ளி மூடி வைக்க வேண்டும். அதைக் குப்பையில் கொட்டக் கூடாது. அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

* மறைக்காமல் தகவல் சொல்ல வேண்டும். விபத்தால் மாசு வெளியேறினால், ஆலைப் பொறுப்பாளர் உடனே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1974-ம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது, குட்டீஸ்! வாய்க்காலிலோ, ஊரணியிலோ எண்ணெய் மிதந்தால் தொடாதீர்கள், கிட்டே போகாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி என்று குறித்துக்கொண்டு அப்பா அம்மாவிடமோ, டீச்சரிடமோ சொல்லுங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தால், பெரியவர்கள் 101-க்கு போன் செய்து தீயணைப்புப் படையை அழைக்கலாம்.

‘அந்த ஆலையில்தானே மாமா வேலை பார்க்கிறார், சொன்னால் வம்பாகிவிடுமோ’ என்று தயங்க வேண்டாம். இது கோள் சொல்வது ஆகாது. ஒரு பீப்பாய் எண்ணெயை இன்று மண்வெட்டியால் அள்ளிவிடலாம். நாளைக்கு மழை பெய்துவிட்டால், கண்மாய் முழுவதையும் அல்லவா சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்!