மூளைப் புற்றும் ஓர் ஒட்டுண்ணியும்

பூனைக் கழிவு கலந்த மண், சரியாக வேகாத இறைச்சி வழியாக உடலில் புகும் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி, மூளையில் நுண்கட்டிகளாக ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். கிளையோமா என்னும் மூளைப் புற்றுக்கு ஆளானோரிடம் இதற்கான எதிர்ப்பொருள்கள் சற்றே கூடுதலாக இருந்ததை 2021இல் வெளியான அமெரிக்க, நார்வே ஆய்வு காட்டியது. புற்று வந்தபின் தொற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் சோதித்த ரத்தம், நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே எடுத்துச் சேமித்தது.

அதற்காக ஒட்டுண்ணியே காரணம் என்று முடிவுகட்ட முடியாது. உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இத்தொற்று உண்டு; கிளையோமாவோ அரிது. ஆகவே அச்சம் தேவையில்லை, அலட்சியமும் கூடாது. கர்ப்பிணியைத் தொற்றினால் கருவைப் பாதிக்கக்கூடும் என்பது உறுதியானது. இறைச்சியை நன்கு வேகவைக்கவும், மண்ணைத் தொட்டபின் கைகழுவவும் அந்த ஒரு காரணமே போதும்.