சம்பளத்தில் பிடிப்பது எதற்கு? வீட்டுக்கும் தெரியட்டும்



கணவரை இழந்த ஒரு சகோதரி, இத்தா முடிந்ததும் பைத்துல்மால் உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வந்தார். மனுவை நிரப்பும்போது, "அவருக்கு பி.எஃப். உண்டா?" என்று கேட்டோம். "ஏதோ பிடிக்கிறாங்கன்னு சொல்வார். எவ்வளவு, எதுக்குன்னு தெரியாது" என்றார். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். பழைய சம்பளச் சீட்டைத் தேடி எடுத்துவரச் சொன்னோம். அதில் யு.ஏ.என். எண் இருந்தது. கடைக்காரர் மாதந்தோறும் ஒழுங்காகவே பணம் கட்டியிருந்தார். ஆனால் அதன் பயனை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. உரிமை ஒரு பக்கம் காத்திருக்க, அந்தக் குடும்பம் கடன் வாங்கிச் செலவு செய்துகொண்டிருந்தது.

நம் ஊரிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் மதுரைக்கும், கப்பலூர் ஆலைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் பலர். அவர்கள் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

மாதச் சம்பளம் ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், அதாவது ரூ.90 பிடிப்பார்கள். முதலாளி 3.25 சதவீதம், ரூ.390 தம் பங்காகக் கட்டுவார். பி.எஃப்.க்கு இருவரும் 12 சதவீதம், ஆளுக்கு ரூ.1,440.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ரூ.21,000 வரை சம்பளம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளிக்கும் மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம் கிடைக்கும். நோயில் படுத்தால், உரிய நாட்கள் சந்தா கட்டியிருப்பின், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பெண்களுக்கு 26 வாரப் பேறுகால உதவி உண்டு. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் வேலைக் காயமாகக் கருத இடமிருக்கிறது.

பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால், சேர்ந்த பணம் மட்டுமல்ல, விதவைக்கு மாத ஓய்வூதியமும், 25 வயதுக்குட்பட்ட இரு பிள்ளைகளுக்கு உதவியும் உண்டு. ரூ.7 லட்சம் வரை காப்பீட்டுத் தொகையும் கிடைக்கும். இந்தக் காப்பீட்டுக்குத் தொழிலாளி ஒரு பைசாவும் கட்டுவதில்லை. படிவம் 20, 10டி, 5ஐ.எஃப். ஆகிய மூன்றையும் கொடுத்து வாங்க வேண்டும். பி.எஃப். வட்டி குறித்து ஐயமிருப்போர் ஆலிம்களிடம் தெளிவு பெறலாம். அதற்காக ஓய்வூதியத்தையும் காப்பீட்டையும் விசாரிக்காமல் விட்டுவிட வேண்டாம்.

கடை, பட்டறை நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்குர்ஆன் (2:282) கட்டளையிடுகிறது. ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கும் தொகை உங்கள் கையில் இருக்கும் அமானத். அதைச் செலுத்தினால் மட்டும் போதாது, தெரிவிக்கவும் வேண்டும். வேலையில் சேரும் அன்றே உட்கார வைத்து, எவ்வளவு பிடிக்கிறோம், நாங்கள் எவ்வளவு போடுகிறோம், என்ன கிடைக்கும் என்று தமிழில் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் தாளில் எழுதிக் கொடுங்கள். திருமணமானதும், குழந்தை பிறந்ததும் நாமினியை மாற்றச் சொல்லி நினைவூட்டுங்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டை நீட்டி, கையெழுத்து மட்டும் வாங்குவது தெரிவித்ததாகாது.

குடும்பத்தார் செய்ய வேண்டியது எளிது. இ.எஸ்.ஐ. எண்ணையும் யு.ஏ.என். எண்ணையும் ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். யு.ஏ.என்.னுடன் இணைத்த செல்போனிலிருந்து 99660 44425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு விவரம் குறுஞ்செய்தியாக வரும். நாமினி யார் என்று இன்று இரவே கேட்டுப் பாருங்கள். திருமணமாகி ஆண்டுகள் ஆகியும் தாயார் பெயரே இருக்கும் கணக்குகளைப் பார்த்திருக்கிறோம்.

நமது பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. இமாம், முஅத்தின் போன்றோருக்கென 2009இல் தமிழ்நாடு அரசு உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தை அமைத்தது. நம் பணியாளர்கள் அதில் பதிந்திருக்கிறார்களா என்று முதலில் நாமே பார்ப்போம்.

படிவம் நிரப்ப உதவி தேவைப்படுவோர், சம்பளச் சீட்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். கட்டணம் எதுவும் இல்லை. முதலில் சொன்ன சகோதரிக்கு இப்போது ஓய்வூதியம் வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். தமக்கு வரவிருந்த பைத்துல்மால் உதவியை வேறொருவருக்குக் கொடுக்கும்படி அவரே சொல்லிவிட்டார்.

வஸ்ஸலாம்.
செயலாளர்