பூமணிக்குப் பொட்டு வைக்கலாமா?

சில வருடங்களுக்கு முன் மட்டக்களப்பு படுவான்கரையிலுள்ள ஒரு கிராமத்தின் மாதர் சங்கத்தோடு சேர்ந்து, மார்ச் 8 பெண்கள் தினத்துக்காக ஒரு சிறு நாடகம் தயாரித்தோம். அரை மணித்தியாலத்துக்கும் குறைவான நாடகம். ஆனால் அதில் வரும் பூமணி என்ற பெண் பொட்டு வைத்திருக்க வேண்டுமா, வைக்கக் கூடாதா என்று முடிவெடுக்க எங்களுக்கு மூன்று கிழமைகள் சென்றன. ஒரு பொட்டுக்கு இவ்வளவு நேரமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த மூன்று கிழமைகளில் நாங்கள் பேசியவற்றைத்தான் இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பூமணி உண்மையான ஆள் அல்ல. பதினான்கு பெண்கள் ஒரு பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்து இருந்து உருவாக்கிய கற்பனைப் பாத்திரம். அவளுக்கு வயது முப்பத்தாறு. இரண்டு பிள்ளைகள். கணவன் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனான், திரும்பி வரவில்லை. இறந்துவிட்டான் என்று சொல்ல எவருமில்லை. இருக்கிறான் என்று சொல்லவும் எவருமில்லை. இந்த அளவில்தான் கதை எங்களிடம் இருந்தது. இனி அவள் எப்படிப்பட்டவள் என்பதை நாங்கள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

படத்தில் பிறந்தவள்

எழுதுவதற்குக் கூச்சப்படும் பெண்கள் பலர் கோலம் போடுவார்கள். பாய் இழைக்கும்போது வண்ணம் பார்த்துச் சேர்ப்பார்கள். ஆகவே நாங்கள் முதலில் எழுதவில்லை, வரைந்தோம். பெரிய பிறவுண் பேப்பர்களை ஒட்டித் தரையில் விரித்து, ஒரு பெண்ணை அதன் மேல் படுக்க வைத்து, உடலைச் சுற்றிக் கோடு கீறினோம். அந்த வெற்று உருவத்துக்குள் ஒவ்வொருவரும் ஒன்றை வரைய வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: சொந்தக் கதையை வரையத் தேவையில்லை, பூமணியின் கதையை மட்டுமே வரைய வேண்டும்.

ஒருவர் கையில் மண்வெட்டி கொடுத்தார். இன்னொருவர் காலில் செருப்பு வரைந்து, ஒரு செருப்புக்கு ஊசி குத்தி விட்டார். வார் அறுந்தால் புதிதாக வாங்காமல் ஊசி குத்திக்கொண்டு நடப்பவள் பூமணி என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை பேசாமல் இருந்த ஒரு அக்கா, உருவத்துக்கு வெளியே ஒரு சைக்கிளை வரைந்தார். "இது அவன்ட சைக்கிள். இவள் ஓட மாட்டாள். ஆனா கிழமைக்கு ஒருக்கா காத்து அடிச்சு வைப்பாள்" என்றார். மண்டபம் சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பூமணி எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை எந்த வசனமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்காது.

பாத்திரத்தின் குணத்தைச் சொல்வதற்கு "அவள் நல்லவள், பொறுமைசாலி" என்று விபரிக்கத் தேவையில்லை. அவள் எந்தப் பொருளை எறியாமல் வைத்திருக்கிறாள், எதை முதலில் விற்றாள் என்று கேட்டால் போதும்.

உடுப்பு பேசும்

இது புதிய விடயமல்ல. எமது கூத்துக் களரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது நன்கு தெரியும். வடமோடிக் கூத்தில் அரசன் கரப்புடுப்பு அணிந்து, பாரமான முடி தரித்து வட்டக்களரிக்குள் வரும்போதே அவனது அதிகாரம் தெரிந்துவிடும். தென்மோடியில் உடுப்பின் பாரம் குறைவு, ஆட்டம் நுணுக்கமானது. பாத்திரத்தின் வரவுக்கென்று தனித் தாளக்கட்டு உண்டு. மத்தளமும் சல்லரியும் ஒலிக்கும்போதே வருபவர் யாரென்று கிழவிகள் சொல்லிவிடுவார்கள்.

பாத்திரத்தின் தோற்றமும் இயல்பும் ஒரே மாதிரியே இருக்க வேண்டுமென்றும் இல்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு சென்றார். அங்கு மேடையேறிய 'இராவணேசன்' இராவணனை வெறும் அரக்கனாகக் காட்டாமல், துயரம் சுமக்கும் வீரனாகக் காட்டியது. பழைய பாத்திரத்தைப் புதிய கண்ணால் பார்க்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆயினும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மரபில் கூத்தின் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள். பெண்ணின் உடையையும் நடையையும் பேச்சையும் தீர்மானித்தவர்களும் ஆண்களே. பிற்காலத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலியோர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கச் செயற்பாடு, கூத்தில் பெண் எவ்வாறு காட்டப்படுகிறாள் என்ற கேள்வியைக் கிராமத்தவரோடு சேர்ந்தே எழுப்பியது. எங்கள் மாதர் சங்கத்துப் பெண்களும் தெரிந்தோ தெரியாமலோ அதே கேள்விக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

கண்ணகியை எடுத்துப் பாருங்கள். கிழக்கில் வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை பாடி, குளிர்த்தி செய்வதை அறிவோம். பாண்டியன் சபைக்கு அவள் எப்படி வருகிறாள்? அவிழ்ந்த கூந்தலுடன், உடலில் புழுதியுடன், கையில் ஒற்றைச் சிலம்புடன். அந்தத் தோற்றத்தைக் கண்டவுடனேயே அரசனுக்கு அச்சம் பிறக்கிறது. பிறகு வருவது நீண்ட அழுகையல்ல, வழக்கு. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள்; அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. உடைத்துக் காட்டுகிறாள். தோற்றத்தில் துயரம், கையில் சாட்சி, வாயில் நியாயம். இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் இத்தனை நூற்றாண்டுகள் கடந்தும் கண்ணகி எமக்கு அயலாளாகத் தெரியவில்லை.

யார் பேசுகிறார்கள்?

உடுப்பைக் காட்ட முடியாத இடத்தில் பேச்சு மட்டுமே பாத்திரத்தைத் தாங்க வேண்டும். இலங்கை வானொலியில் ஒலிபரப்பான 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தை மூத்த வாசகிகள் மறந்திருக்க மாட்டார்கள். எஸ். ராமதாஸ் மரைக்காராகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும் பேசினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமான தமிழ். முகம் பார்க்காமலேயே ஆளை அடையாளம் கண்டோம். 1976 இல் 'கோமாளிகள்' என்று அது திரைப்படமாகவும் வந்தது.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் ஒரு பிழை விட்டேன். பூமணி கிராம சேவையாளரைச் சந்திக்கும் காட்சிக்கு வசனம் எழுதித் தரும்படி கேட்டார்கள். இரவிரவாக இருந்து எழுதினேன். பெண்களின் உரிமை, பொறுப்புக்கூறல், சமூக நீதி எல்லாம் அதில் இருந்தன. வாசித்து முடித்ததும் ஒரு இளம் பெண் மெதுவாகச் சொன்னாள்:

"மிஸ், இது பூமணி பேசுற பேச்சில்ல. நீங்க கூட்டத்துல பேசுற பேச்சு."

எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் சொன்னது சரி. சமூகவியல் படித்த என் சொற்களைப் பூமணியின் வாயில் திணித்திருந்தேன். எமது மக்களுக்காகப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அவர்களது பேச்சையே பறித்துவிடும் பழக்கம் எம்போன்ற வேலை செய்பவர்களிடம் உண்டு என்பதை அன்று ஒப்புக்கொண்டேன்.

தாளைக் கிழித்துவிட்டு இருவரை எதிரெதிரே இருத்திப் பேசவிட்டோம். அதிலிருந்து வந்ததே இந்தக் காட்சி:

"பிள்ள, மூண்டாம் தரமும் வந்திருக்கிறீங்க. புருஷன் இறந்த எண்டு எழுதிக் குடுத்தா அலுவல் முடியும்."

"நீங்க கண்டீங்களா ஐயா?"

"நான் எப்பிடிக் காணுற?"

"நானும் காணல்ல. காணாத ஒண்ட நான் எப்பிடி எழுதுற?"

"அப்ப உதவிக் காசு கிடைக்காதே."

"பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் காசு வேணும்தான். அதுக்காக அவரச் சாகடிக்க ஏலா."

இதில் உரிமை என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. ஆனால் பூமணி எதை விட்டுக்கொடுப்பாள், எதை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பது முழுவதும் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு தகவலையும் சொல்ல வேண்டும். இறந்துவிட்டார் என்று சொல்லாமல், ஆள் காணாமற்போயிருப்பதை மட்டும் பதிவு செய்யும் சான்றிதழைப் பெறுவதற்கு 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்தது. நாடகம் பார்க்க வந்த பலருக்கு இது தெரியாமலிருந்தது. நாடகத்தின் பின் நடந்த கலந்துரையாடலில் இதைத்தான் அதிகமாகக் கேட்டார்கள். சான்றிதழ் எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் அவரவர் முடிவு. ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பின்பே அந்த முடிவை எடுக்க முடியும்.

பொட்டு

இனிப் பொட்டுக்கு வருவோம். முதல் நாள் பெரும்பாலானோர் வெள்ளைச் சேலை என்றார்கள். சபையோருக்கு உடனே விளங்கும் என்பது அவர்களது காரணம். "அவன் செத்தானெண்டு ஆர் சொன்ன? வெள்ளையக் கட்டினா நாமளே முடிவு சொன்ன மாதிரி" என்று சைக்கிள் வரைந்த அக்கா மறுத்தார். அப்படியென்றால் சிவப்புப் பொட்டும் பூவுமா? "அப்படி வெளிக்கிட்டா ஊர் சும்மா விடுமா?" என்று வேறொருவர் கேட்டார்.

வாதம் பூமணியைப் பற்றியதாகவே இருந்தது. ஆனால் அங்கிருந்தவர்களில் பலர் ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன்னால் தனியே நின்று கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. கோயிலுக்குப் போகலாமா, கலியாண வீட்டில் முன்னுக்கு நிற்கலாமா என்பதெல்லாம் அந்தச் சிறு பொட்டில் தங்கியிருந்தன. சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பூமணி என்றபடியால் பேசினார்கள், கோபித்தார்கள், ஒருவரையொருவர் மறுத்தார்கள்.

மூன்றாம் கிழமையில் முடிவு வந்தது. பூமணி வெளிறிய பச்சைச் சேலை கட்டுவாள். வீட்டுக் காட்சியில் பொட்டு வைத்திருப்பாள். கந்தோருக்குப் போகும் முன் வாசலில் நின்று அதை எடுத்துக் கதவு நிலையில் ஒட்டிவிட்டுப் போவாள். திரும்பி வந்ததும் மீண்டும் எடுத்து வைப்பாள். வசனம் எதுவும் இல்லை. மேடையில் இதைச் செய்தபோது முன்வரிசையிலிருந்த வயதான தாய்மார் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். "உள்ளதத்தான் காட்டுறாளுகள்" என்று ஒருவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

நாடகம் முடிந்ததும் பூமணியாக நடித்தவர் முகம் கழுவினார். பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார். "வீட்டுக்கு வெச்சிட்டுப் போகலாமே" என்றேன், யோசிக்காமல். "இது பூமணிட பொட்டு மிஸ். என்ட அல்ல. இன்னும் அல்ல" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குரிய காலத்தை அவரே அறிவார்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

மேடை வேண்டுமென்றில்லை. நான்கைந்து பேரும் ஒரு கொப்பியும் போதும். கதையாகவோ நாடகமாகவோ படமாகவோ ஒரு பாத்திரத்தை உருவாக்கும்போது இந்தக் கேள்விகள் உதவும்:

– அவள் வீட்டில் உடுப்பது என்ன? வெளியே போகும்போது எதை மாற்றுகிறாள்? யாருக்காக?

– எந்தப் பொருளை எவருக்கும் கொடுக்க மாட்டாள்?

– மாமியாரோடு, பிள்ளையோடு, உத்தியோகத்தரோடு, தனியே இருக்கும்போது எப்படிப் பேசுவாள்? நான்கும் ஒரே மாதிரியா?

– அவள் சொல்லாமல் விழுங்கிவிடும் வசனம் எது?

– அவளுக்குச் சிரிப்பு வருவது எதற்கு? துயரப்பட்டவள் சிரிக்க மாட்டாள் என்று நினைப்பது பிழை.

சில விடயங்களில் கவனம் வேண்டும். பாத்திரம் ஒரு திரை, அதை விலக்கி "இது உன் கதைதானே?" என்று எவரும் எவரையும் கேட்கக் கூடாது. ஊரில் ஆளை அடையாளம் காணக்கூடிய பெயரையும் சம்பவத்தையும் மாற்றிவிடுங்கள். ஒருவருக்கு உடல் நடுங்கினால், மூச்சு முட்டினால் உடனே நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் இருங்கள். அழுகை வருவது தவறல்ல. ஆனால் நித்திரையின்மையும் பயமும் நாட்கணக்காகத் தொடர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ உளவளத் துணையாளரையோ நாட வேண்டும். நாடகம் மருந்துக்குப் பதிலாகாது.

போர் 2009 இல் முடிந்தது. எமது பெண்களைப் பற்றி அதன்பின் எத்தனையோ அறிக்கைகள் எழுதப்பட்டன. அவற்றில் பெரும்பாலும் நாம் எண்ணிக்கைகளாகவே இருக்கிறோம். பூமணி எண்ணிக்கையல்ல. ஊசி குத்திய செருப்போடு நடப்பவள். ஓடாத சைக்கிளுக்குக் காற்றடிப்பவள். அவளுக்கு என்ன உடுத்துவது, என்ன பேச வைப்பது என்று தீர்மானித்தவர்கள் அந்தக் கிராமத்துப் பெண்களே. அந்த உருவம் வரைந்த தாள் இன்றும் சங்கக் கட்டடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த மார்ச் மாதத்துக்கு பூமணியின் மாமியாரை வரையப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "அவளுக்கும் ஒரு கதை இருக்கும்தானே மிஸ்" என்கிறார்கள்.