உறைந்த ஏரியில் தூண்டில்

தை மாதத்து விடியற்காலையில் நுவரெலியாப் பக்கம் சென்றவர்கள், புல் நுனிகளிலும் தேயிலைத் தளிர்களிலும் வெண்பொடி தூவியதுபோல் உறைபனி படிந்திருக்கும் காட்சியைக் கண்டிருப்பர். ஞாயிறு சற்றே மேலெழுந்ததும் அவ்வெண்மை கரைந்து மறைந்துவிடும். அவ்வேளையிலும் அங்குள்ள வாவியின் நீர் அலையடித்துக்கொண்டே இருக்கும். நம் நாட்டில் நாம் அறிந்த குளிரின் எல்லை அவ்வளவே. ஆனால், ஓர் ஏரி முழுவதும் கரைக்குக் கரை கல்லென இறுகிக் கிடக்க, அதன்மேல் மனிதர் நடந்துசென்று, நடுவே துளையிட்டுத் தூண்டில் இறக்கி மீன்பிடிக்கும் நாடுகளும் உள்ளன. அத்தொழிலைப் பற்றியும், அதனுள் அடங்கிய அறிவைப் பற்றியும் இன்று சிறிது பேசுவோம்.

நாம் பேசப்போகும் இடம், ஐக்கிய அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்திலுள்ள றொக்கி மலைத்தொடர். பிடிபடும் மீன், ட்றவுட். இம்மீன் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் இதன் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொணர்ந்து, நம் மலைநாட்டின் குளிர்ந்த ஓடைகளில் விட்டு வளர்த்தனர். ஹோட்டன் சமவெளி ஓடைகளில் அதன் வழிவந்தவை வாழ்ந்து வந்திருக்கின்றன.

றொக்கி மலையின் உயர்ந்த ஏரிகள் பல, பண்டைக்காலப் பனியாறுகள் பாறையைக் குடைந்து விட்டுச்சென்ற கிண்ணங்களாகும். மூன்று புறமும் செங்குத்தான மலைச்சுவர்; ஒரு புறம் நீர் வழிந்தோடும் வாய். அவ்வாயின் கீழே அருவிகள் இருந்தமையால் மீன்கள் மேலேறி வர இயலவில்லை. ஆகவே, இவ்வேரிகளிற் பல ஆதியில் மீனற்றவையாகவே இருந்தன. மனிதரே பின்னர் மீன்குஞ்சுகளைக் கொண்டுசென்று விட்டனர். லெட்வில் என்னும் மலைநகரின் அருகே 1889இல் அரசாங்க மீன்குஞ்சு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. முற்காலத்தில் கோவேறு கழுதைகளின் முதுகிலே தகரக் கலங்களில் ஏறிச்சென்ற குஞ்சுகள், பிற்காலத்தில் ஆகாய விமானத்திலிருந்து ஏரியிற் சொரியப்பட்டன. கழுத்தின் கீழே செங்கீற்று உடைய ட்றவுட் அம்மலைக்கே உரியது. ஓடை ட்றவுட் அந்நாட்டின் கிழக்குப் பகுதியிலிருந்தும், வானவில் ட்றவுட் பசுபிக் கரையிலிருந்தும், பழுப்பு ட்றவுட் ஐரோப்பாவிலிருந்தும் வந்து குடியேறியவை.

இனி, குளிர்காலத்தில் அவ்வேரிகளில் நிகழ்வதைக் காண்போம். பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனக்கும். நீரும் அவ்வாறே சுருங்குகின்றது. ஆயினும், ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் வரையிலேதான். அதற்குக் கீழே குளிருமாயின், நீர் சுருங்குவதை விடுத்து விரியத் தொடங்குகின்றது. பனிக்கட்டியாக இறுகும்பொழுதோ அதன் பருமன் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு பெருகுகின்றது. இதனாற் பனிக்கட்டி நீரினும் இலேசானதாய் மேலே மிதக்கின்றது. 4 பாகையில் உள்ள கனத்த நீர் ஏரியின் அடியிலே தங்குகின்றது.

இவ்விதி மாறியிருந்தால் என்னவாகும்? பனிக்கட்டி தோன்றத் தோன்ற ஆழத்துக்குச் சென்று படிந்து, ஏரி அடியிலிருந்து மேலாக உறைந்துவிடும். மீனினம் வாழ இடமிராது. இப்பொழுதோ, மேலே மூடிய பனிக்கட்டியே கீழுள்ள நீருக்குப் போர்வையாகின்றது. வெளியே காற்று உறைநிலைக்கு இருபது பாகை கீழே வீசினும், போர்வைக்கு உள்ளே மீன் நீந்திக்கொண்டிருக்கும். குளிரில் அதன் உடலியக்கம் மந்தமாகும், உணவும் குறையும். எனினும் அது முற்றாக உறங்கிவிடுவதில்லை. நன்னீரில் வாழும் சிறு இறாலினங்களையும், நுளம்பை ஒத்த பூச்சிகளின் புழுக்களையும் தேடி உண்டு திரியும்.

மீனுக்கு வேறோர் இடர் உண்டு. பனிக்கட்டியின்மேல் வெண்பனி தடித்துப் படியுமாயின், சூரிய ஒளி உள்ளே புகாது. ஒளியின்றி நீர்த்தாவரங்கள் ஒட்சிசனை ஆக்கா. அடியில் அழுகும் பொருள்களோ இருக்கும் ஒட்சிசனையும் உண்டுவிடும். ஆழமற்ற ஏரிகளில் இக்காரணத்தால் மீன்கள் கூட்டமாக மடிவதுண்டு. ஒட்சிசன் முதலில் அடியிலேயே குறைவதால், குளிர்காலத்தின் கடைப்பகுதியில் ட்றவுட் பனிக்கட்டியை ஒட்டி மேலே உலாவுவதும் உண்டு. இதை அறிந்த தூண்டிற்காரன் அப்பருவத்தில் இரையை ஆழத்துக்கு அனுப்பாமல், துளைக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தி வைப்பான்.

அவனுடைய கருவிகள் எளியவை. தச்சன் துறப்பணத்தைப் பெரிதாக்கியது போன்ற ஒரு துளைகருவி. அதனால் ஆறு முதல் எட்டு அங்குல அகலமான துளை இடுவான். துளையில் மிதக்கும் பனித்தூளை அள்ளுவதற்கு ஒரு கண்ணகப்பை. முழங்கையளவான குறுந்தடி, மெல்லிய தங்கூசி, சிறு ஈயத்தில் அமைந்த தூண்டில், அதில் ஒரு புழு. துளையருகே குந்தியிருந்து, தடியின் நுனியை மெல்ல உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருப்பதே வேலை. மீன் தொடுவது பெரும்பாலும் ஒரு சிறு நடுக்கமாகவே தெரியும். பிடித்த மீனை மீண்டும் விட எண்ணினால், அதை நீரைவிட்டு மேலே எடுத்து வைத்திருத்தல் ஆகாது. கடுங்குளிர்க் காற்றில் அதன் கண்ணும் பூவும் விரைவில் உறைந்து கெடும்.

இவை யாவற்றினும் முதன்மையான கருவி ஒன்று உண்டு. அது மீனைப் பிடிப்பதற்கன்று, மனிதன் உயிரைக் காப்பதற்கு உரியது. நம் ஊர் அலவாங்கை ஒத்த ஒரு நீண்ட இரும்புக்கோலே அது. அது ஏன் வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லல் வேண்டும்.

கண்ணுக்கு ஏரி முழுவதும் ஒரே வெண்டரையாகத் தோன்றும். உண்மையில் அது ஒரே தரை அன்று. நீர் நேராக உறைந்து உண்டாகும் பனிக்கட்டி தெளிவாய், அடியிலுள்ள நீரின் கருமை தெரியும்படி இருக்கும், அதுவே வலியது. வெண்பனி நீரில் நனைந்து சேறுபோலாகிப் பின்னர் உறைவதால் உண்டாகும் வெள்ளைக்கட்டியோ காற்றுக்குமிழி நிறைந்தது. முன்னையதன் வலிமையில் அரைவாசியே அதற்கு உண்டு எனக் கொள்வர். தெளிந்த கட்டியாயின், ஒருவர் நடப்பதற்குக் குறைந்தது 4 அங்குலத் தடிப்பு, அதாவது 10 சதமமீற்றர், வேண்டும் என்பது அங்குள்ள அதிகாரிகள் கூறும் அளவு. வெள்ளைக்கட்டியாயின் அதன் இருமடங்கு வேண்டும்.

இத்தடிப்பு இடத்துக்கு இடம் மாறும். ஓடை வந்து சேருமிடத்திலும், நீர் வழிந்தோடும் வாயிலும், அடியில் ஊற்று எழுமிடத்திலும் பனிக்கட்டி மெல்லியதாகவே இருக்கும். கரையோரப் பாறை வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள கட்டியை இளக்கும். மேலே படியும் வெண்பனி குளிரைத் தடுத்து, அடியிலுள்ள கட்டி மேலும் தடிக்காதபடி செய்யும். வெண்பனியின் பாரத்தாற் கட்டி தாழ, வெடிப்புகளின் வழியே நீர் மேலேறி, பனிக்கு அடியில் மறைவாகத் தேங்கி நிற்கும். அதில் கால் நனைந்தவன் சப்பாத்தோடு விரல்களும் உறைந்து வருந்த நேரும். இளவேனிற் காலத்திலோ, கட்டி இரண்டடி தடித்திருப்பினும் உள்ளே ஊசி ஊசியாகப் பிரிந்து உளுத்துப்போயிருக்கும். அப்பொழுது தடிப்பும் காவலாகாது.

இரவில் ஏரி இடிபோல் முழங்குவதும் உண்டு. வெப்பநிலை மாறும்போது கட்டி விரிந்து சுருங்குவதால் எழும் ஒலி அது. புதியவன் அதைக் கேட்டு அஞ்சுவான். உண்மையில், அஞ்சத்தக்க இடம் பெரும்பாலும் ஓசையே இன்றி இருக்கும்.

ஆகவே, அறிந்தவன் சில அடிகளுக்கு ஒருமுறை இரும்புக்கோலால் முன்னே ஓங்கிக் குத்திப் பார்ப்பான். ஓரிரு குத்தில் கோல் ஊடுருவுமாயின், தன் அடிச்சுவட்டிலேயே திரும்புவான். சற்றுத் தூரம் சென்று துளையிட்டு அளப்பான். மேலும் சென்று மீண்டும் அளப்பான். இருவர் சென்றால் இடைவெளி விட்டே நடப்பர். கழுத்தில் கயிறுகட்டி, கூரிய முனையுடைய இரு சிறு கைப்பிடிகளைத் தொங்கவிட்டிருப்பர்.

தப்பித் தவறி நீரில் வீழ்ந்தால் என்ன செய்வது? கனடாவின் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோடன் கீஸ்பிறெக்ட் என்பார், குளிர்நீரில் தாமே பலமுறை இறங்கி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய ஓர் எளிய கணக்கு உண்டு: 1, 10, 1. முதல் ஒரு நிமிடம், குளிரின் அதிர்ச்சியால் மூச்சு கட்டுக்கடங்காது திணறும். அந்நேரத்தில் தலையை நீருக்கு மேலே வைத்து மூச்சை அடக்குவதே செயல். அடுத்த பத்து நிமிடம், கைகால்கள் சொற்கேட்கும். வெளியேறுதற்குரிய காலம் அதுவே. அதன் பின்னர் கைகள் பயனற்றுப்போகும். ஆயினும் உடற்சூடு தணிந்து நினைவு இழப்பதற்கு ஒரு மணிநேரம் வரை செல்லும். குளிர்நீரில் வீழ்ந்தவர் உடனே உறைந்து மாள்வர் என்னும் எண்ணம் பிழையானது. பதற்றமே பலரைக் கொல்கின்றது.

வீழ்ந்தவன் தான் வந்த திசைக்கே திரும்பவேண்டும். ஏனெனில், அதுவரை அவனைத் தாங்கிய கட்டி அங்கேதான் இருக்கின்றது. கூர்முனைகளைக் கட்டியில் ஊன்றி, நீந்துவதுபோற் கால்களை உதைத்து, மார்பாற் படுத்தவாறு மேலேறவேண்டும். ஏறியதும் எழுந்து நிற்றல் ஆகாது. பாரம் பரவும்படி உருண்டு உருண்டு விலகவேண்டும். துணைவன் விளிம்புக்கு ஓடிவருதலும் ஆகாது. கயிறோ நீண்ட தடியோ தொலைவிலிருந்து எட்டக் கொடுக்கவேண்டும்.

மலையேரிக்கு மற்றுமோர் ஆபத்து உண்டு. சுற்றியுள்ள செங்குத்துச் சரிவுகளில் தங்கிய வெண்பனி, திடீரெனப் பெயர்ந்து ஏரிவரைக்கும் பாயக்கூடும். முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை வரையான சரிவுகளே இதற்குப் பெயர்பெற்றவை. ஐக்கிய அமெரிக்காவில் பனிச்சரிவால் அதிக உயிர்களை இழந்துள்ள மாநிலம் கொலறாடோவே. ஆதலால், புறப்படுமுன் பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையைப் படிப்பதும் தூண்டிற்காரன் கடமையாகும்.

நேயர்களே, பனிச்சப்பாத்து அணிந்து, மெலிந்த மலைக்காற்றில் மூச்சுவாங்கி, சறுக்குவண்டியிற் பொருள்களை இழுத்துக்கொண்டு பல மைல் ஏறி வந்தவன் ஒருவனை மனத்திற் கொள்ளுங்கள். முதற்குத்திலேயே கோல் ஊடுருவி நீர் பொங்குகின்றது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, இன்னும் நாலடி சென்று பார்ப்போமே என்று மனம் சொல்லும். அந்த நாலடிதான் ஆபத்து. வந்த தூரத்தின் அருமை கட்டியின் தடிப்பை ஓர் அங்குலமும் கூட்டாது. வெறுங்கையோடு திரும்பத் தெரிந்தவனே அத்தொழிலில் வல்லவன். அடுத்த கிழமையும் அவன் தூண்டில் போடுவான்.

ஆழமறியாமற் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. உறைந்த நீரை அவர்கள் கண்டிலர். எனினும், ஆழம் என்ற இடத்தில் தடிப்பு என்று மாற்றிவிட்டால், அம்மலையேரியின் கரையிலும் அவ்வாக்கு அப்படியே பொருந்தும்.