மாற்றுக் குவார்ட்டர்பேக்கின் திறனை மதிப்பிடல்

அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் முதன்மைக் குவார்ட்டர்பேக் காயமுற்றாலோ, அவருக்கு ஓய்வளிக்கப்பட்டாலோ அவரிடத்தில் களமிறங்குபவர் மாற்றுக் குவார்ட்டர்பேக் எனப்படுகிறார். தாக்கும் அணியை வழிநடத்திப் பந்தை எறிபவரே குவார்ட்டர்பேக் ஆவார். இளம் மாற்று வீரர் ஒருவர் ஓராண்டு முழுவதிலும் சில வீச்சுகளை மட்டுமே எறிவதுண்டு. டாம் பிரேடி தம் முதலாவது பருவமான 2000 இல் எறிந்தவை மூன்றே வீச்சுகள்; அவற்றுள் ஒன்று மட்டுமே தம் அணி வீரரைச் சென்றடைந்தது. அடுத்த பருவத்தில் டுரூ பிளெட்சோ காயமுற்றதால் அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. 2002 பெப்ரவரியில் அவரது அணி சூப்பர் போல் கிண்ணத்தை வென்றது.

எண்ணிக்கையின் சிக்கல்

எறிபவரின் திறனை அளக்கத் தேசியக் காற்பந்துக் கூட்டிணைவு (என்.எஃப்.எல்.) பயன்படுத்தும் தரப்புள்ளியின் உச்ச அளவு 158.3 ஆகும். 20 வீச்சுகள் எறிந்த ஒருவரது தவறிய வீச்சொன்று எதிரணியின் கையில் சிக்கிவிட்டால், அதனால் மட்டும் அவரது தரப்புள்ளி ஏறத்தாழ 21 புள்ளிகள் குறையும். 500 வீச்சுகள் எறிந்தவருக்கோ அதே தவறால் ஒரு புள்ளிகூடக் குறையாது. எனவே ஓரிரு ஆட்டங்களின் தரப்புள்ளியைக் கொண்டு ஒருவரைப் புகழ்வதும் இகழ்வதும் பொருந்தாது.

ஆட்டச் சூழலையும் கருத வேண்டும். பருவத்திற்கு முந்திய ஆட்டங்களில் எதிரில் நிற்பவர்களும் பெரும்பாலும் மாற்று வீரர்களே. வெற்றி உறுதியான பின்னர் முன்னிலை அணி நீண்ட வீச்சுகளைத் தடுப்பதிலேயே கருத்தாயிருப்பதால் குறுகிய வீச்சுகள் எளிதாகின்றன. புதியவரின் ஒளிப்பதிவுகள் எதிரணிப் பயிற்றுநர்களிடம் குறைவாகவே இருக்கும். சில ஆட்டங்களுக்குப் பின் இச்சாதகம் மறைந்துவிடும்.

மாட் பிளின்

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மாட் பிளின் ஆவார். கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் ஆரன் ராட்ஜர்சின் மாற்று வீரராக இருந்த இவர், 2012 சனவரி 1 அன்று டிட்ராயிட் லயன்ஸ் அணிக்கெதிராக 480 யார்களும் ஆறு டச்டவுன்களும் எறிந்தார். இரண்டுமே அவ்வணியின் வரலாற்றில் புதிய சாதனைகளாயின. ஆட்டம் 45–41 என முடிந்தது. அதே ஆட்டத்தில் எதிரணியின் மாத்தியூ ஸ்டாஃபோர்டு 520 யார்கள் எறிந்தார் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அன்று இரு அணிகளின் தடுப்பாட்டமும் தளர்ந்திருந்தது என்பதே இதன் பொருள்.

அவ்வாண்டே சியாட்டில் சீஹாக்ஸ் அணி பிளினை ஒப்பந்தம் செய்தது. எனினும் மூன்றாம் சுற்றில் தெரிவான ரசல் வில்சன் அவரை முந்திக்கொண்டார். 2012 பருவத்தில் பிளின் எறிந்தவை ஒன்பது வீச்சுகளே. 2013 நவம்பரில் கிரீன் பே திரும்பிய அவர், அதே டிட்ராயிட் அணியிடம் 40–10 எனத் தோற்றார். அடுத்த மாதமே டாலஸ் அணிக்கெதிராக இடைவேளையில் 26–3 எனப் பின்தங்கியிருந்த ஆட்டத்தை 37–36 என வென்று காட்டினார். தாம் நன்கறிந்த ஆட்டமுறையில் அவர் பயனுள்ள மாற்று வீரரே எனலாம்.

விற்பவரும் வாங்குபவரும்

மாற்று வீரரை நாள்தோறும் பயிற்சியில் காண்பது அவரது சொந்த அணி. அவரை வாங்க விரும்பும் அணிக்கோ சில ஆட்டங்களின் பதிவே கிடைக்கிறது. 1997 இன் முதல் ஆட்டத்தில் ஜாக்சன்வில் அணியின் ராப் ஜான்சன் 24 வீச்சுகளில் 20 ஐ நிறைவு செய்தார். 1998 இல் பஃபலோ அணி முதற்சுற்று, நான்காம் சுற்றுத் தெரிவுகளை அளித்து அவரைப் பெற்றது; அங்கு அவர் நிலைபெறவில்லை. அம்முதற்சுற்றுத் தெரிவைக் கொண்டு ஜாக்சன்வில் பெற்ற பிரெட் டெய்லரோ அவ்வணியின் தலைசிறந்த ஓட்டவீரர் ஆனார்.

ராட்ஜர்ஸ் கதை இதற்கு மறுதலை. 2005 முதல் 2007 வரை மூன்று பருவங்களில் அவர் எறிந்தவை மொத்தம் 59 வீச்சுகள். ஆயினும் 2008 இல் கிரீன் பே அணி பிரெட் ஃபாவ்ரேயை நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு விட்டுக்கொடுத்து, அவரிடமே பொறுப்பை ஒப்படைத்தது.